பச்சை முத்திரைப் பூங்கார்: அந்த 58 ரூபாய் எங்கே போகிறது?

வணக்கம். இன்றைக்கு அடுப்படியிலிருந்தே பேசுகிறேன். பால்கனிக்குப் போனால் எதிர்வீட்டுக் கட்டட வேலைச் சத்தம் காதைப் பிளக்கிறது. மேடைமேல் இந்தத் துணிப்பை தெரிகிறதா? 5 கிலோ பூங்கார், நம் பாரம்பரியச் சிவப்பரிசி. ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரில் வாங்கினேன். அப்போதிருந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரக்கிறது.

முதலில் விலை. கிலோ 92 ரூபாய்! போன மாதம் இதே பூங்காரை ஒரு பெரிய கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, பில்லைக் காட்டி உங்களிடம் புலம்பினேனே, நினைவிருக்கிறதா? பளபளக்கும் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ஓர் இலைப் படம், விளைவித்தவர் யார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அந்த இலைப் படத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. கிலோவுக்கு 58 ரூபாய் வித்தியாசம் என்றால் 5 கிலோவுக்கு 290 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல என் தராசில் வைத்தேன். 5 கிலோ 110 கிராம் காட்டியது. பையைக் காலி செய்து தனியாக நிறுத்தேன், 70 கிராம். ஆக, 40 கிராம் கூடுதல். கட்டுவதற்கு முன், விற்ற அக்கா கொசுறாக ஒரு பிடி அள்ளிப் போட்டார், அதுதான். கடையின் ஒரு கிலோ பொட்டலமோ உறையோடு சேர்த்தே 985 கிராம்தான் இருந்தது. அந்த 40 கிராமைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

யாரிடம் வாங்கினேன் என்று சொல்லவே இல்லை பாருங்கள். மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஒரு சிறிய வண்டியில் அரிசி, உளுந்து, கடலை எண்ணெய் எல்லாம் கொண்டுவருகிறார்கள். 58 ரூபாய் விஷயத்தை அந்த அக்காவிடமே கேட்டேன். "100 கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ அரிசி தேறினால் நல்லது அம்மா. தனியாளாக அரைத்து, தனியாக வண்டி பிடித்தால் எங்களுக்கும் கட்டாது. எல்லார் நெல்லையும் சேர்த்து அரைக்கிறோம், ஒரே வண்டியில் வருகிறோம். நடுவில் யாரும் இல்லை" என்றார்.

பையின் ஓரத்து முத்திரையில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று இருந்தது. ஏன் 'ஆர்கானிக்' என்று இல்லை? எனக்குச் சுருக்கென்றது. அதையும் கேட்டேன். "யூரியாவை விட்டு இது இரண்டாவது வருஷம். நிலம் இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அதை மறைத்து விற்கக் கூடாது இல்லையா?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பி.ஜி.எஸ். என்றால் பங்கேற்பு உத்தரவாத முறை. அதில் 'கிரீன்' என்பது மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு, 'ஆர்கானிக்' என்பது முழுதாக மாறிய நிலத்துக்கு. குறைந்தது ஐந்து விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். பக்கத்து வயல்காரர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

இந்த மாறும் காலம்தான் விவசாயிக்குப் பெரிய கண்டம். அந்த அக்காவுக்கு ஏக்கருக்கு 22 மூட்டை கண்ட நிலம், முதல் வருஷம் 14 மூட்டைதான் கொடுத்ததாம். களை வேறு. களையெடுக்கக் கூலி கொடுத்தே கை காலியாகிவிட்டது என்றார். சங்கம் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை வாங்கி வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டது. பயிருக்கு ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசலைப் பொதுவில் தயாரிக்கிறார்கள்: 200 லிட்டர் பீப்பாயில் நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வயல் வரப்பிலிருந்து ஒரு பிடி மண். ஒரு பீப்பாய் ஓர் ஏக்கருக்கு. மாடு இல்லாதவருக்கு மாடு இருப்பவர் சாணம் கொடுக்கிறார். தனியாக இருந்திருந்தால் முதல் வருஷமே மறுபடி யூரியா மூட்டையைத் தூக்கியிருப்பேன் என்று அந்த அக்காவே சொன்னார். ஆகவே முழு முத்திரை வரட்டும், அப்புறம் வாங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இப்போது நாம் வாங்கவில்லை என்றால் அந்த முத்திரை வரவே வராது!

விதைக் கதையை விட்டுவிட்டேனே! இந்தப் பூங்கார் விதை திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா வழியாக இவர்கள் கைக்கு வந்தது. பாரம்பரிய நெல் விதைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஐயா வளர்த்த வழக்கம் அது: 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018இல் மறைந்துவிட்டார். அந்த விதை என் அடுப்படி வரை வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தொடங்கியது. அதே வருஷம் நம் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம். விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே வருஷத்தில் சங்கம் வைத்த மண் இது.

பூங்காரை இரவே ஊறவைத்துவிடுங்கள். நான் ஒரு மணி நேரம்தான் ஊறவைத்தேன். ஏழு விசில் விட்டும் பருக்கை விறைப்பாகவே இருந்தது. மறுநாள் எட்டு மணி நேரம் ஊறிய பிறகு ஐந்தே விசிலில் மலர்ந்துவிட்டது, கஞ்சித் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே வண்டி வந்துவிடும். நான் போனபோது எட்டரைக்கே உளுந்து தீர்ந்திருந்தது. துணிப்பையைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கழித்துக்கொள்கிறார்கள், மறக்காமல் எடுத்துப் போங்கள்.