நுரையில் ஏறும் அருமண் தாது

நேயர்களுக்கு வணக்கம். காற்றாலைகளிலும் மின்சாரக் கார்களிலும் உள்ள வலுவான காந்தங்களுக்கு நியோடிமியம் என்ற அருமண் (rare earth) உலோகம் வேண்டும். அது பெரும்பாலும் பாஸ்ட்னசைட், மோனசைட் என்ற இரண்டு தாதுக்களிலிருந்து கிடைக்கிறது. கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தில் வெட்டும் பாறையில் அருமண் ஆக்சைடு 7, 8 சதவீதம்தான் இருக்கும். அதைச் சுமார் 60 சதவீதத்துக்குக் கொண்டுபோவது நுரை மிதப்பு முறை.

பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, காற்றைச் செலுத்துகிறார்கள். சேகரிப்பான் என்ற வேதிப்பொருளின் ஒரு முனை தாதுத் துகளைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனைக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் துகள் காற்றுக் குமிழியில் ஒட்டி நுரையோடு மேலே வந்துவிடும். பாஸ்ட்னசைட் தண்ணீரைவிட ஏறக்குறைய 5 மடங்கு கனம். கூடவே கிடக்கும் கேல்சைட் என்ற வேண்டாத கால்சியக் கனிமமோ 2.7 மடங்குதான். கனமானது மேலே ஏற, லேசானது கீழே தங்குகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கேல்சைட்டும் சேகரிப்பானை விரும்பும். மவுன்டன் பாஸில் வழக்கமாகப் பயன்பட்டது டால் ஆயில் எனும் கொழுப்பு அமிலம். பைன் மரத்திலிருந்து காகிதக்கூழ் செய்யும்போது கிடைக்கும் துணைப்பொருள் அது. வேண்டாத கனிமங்களை அமுக்கி வைக்கப் போட்ட லிக்னின் சல்போனேட்டும் காகித ஆலையிலிருந்து வருவதே. இரண்டும் மரத்திலிருந்து வந்தவை. பசுமை வேதிப்பொருள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கொழுப்பு அமிலத்துக்கு அருமண்ணுக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்பதற்காக, கரைசலை நீராவியால் கொதிநிலைக்கு அருகே சூடாக்க வேண்டியிருந்தது. அந்த எரிபொருளை யார் கணக்கில் எழுதுவது? மூலப்பொருள் செடியா, பெட்ரோலியமா என்று மட்டும் பார்த்துப் பசுமை முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை.

ஹைட்ராக்சாமிக் அமிலங்கள் என்ற இன்னொரு வகைச் சேகரிப்பான்கள் இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் அருமண் அயனியை இருபக்கமும் கவ்விக்கொள்ளும். கால்சியத்தின் மேல் அவ்வளவு நாட்டம் கிடையாது. சீனாவின் பயான் ஓபோ சுரங்கத்தில் இந்த வகைதான் பெரிதும் பயன்படுகிறது. பிடிப்பு தேர்ந்தெடுத்து விழுவதால் வெப்பத்தின் தேவை குறைகிறது. சரி, குறையே இல்லையா? இவை சிதைந்தால் ஹைட்ராக்சிலமைன் உண்டாகலாம். அது நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு. அப்புறம் விலையும் கூடுதல்.

ஆகவே இப்போது ஆய்வு இரண்டு பக்கமும் நடக்கிறது. தாவர எண்ணெயிலிருந்து செய்த, எளிதில் மக்கும் சேகரிப்பான்கள் ஒரு பக்கம். ஸ்டார்ச், டானின் போன்றவற்றைக் கொண்டு கேல்சைட்டை அமுக்குவது இன்னொரு பக்கம். இரண்டாவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். வேண்டாததைச் சரியாக அமுக்கிவிட்டால், சாதாரண சேகரிப்பானே போதுமானதாகலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து புதிய வேதிப்பொருள் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள் என்பதுதான். ஆலையில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுழலும்; கால்சியம் சேர்ந்துகொண்டே போகும். கடினநீரில் சோப்பு நுரைக்காததற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் கொழுப்பு அமிலச் சேகரிப்பானும் அங்கே வீணாகும். அதைத் தடுக்கத்தான் சலவைச் சோடாவைக் கொட்டுகிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் அருமையாக வேலை செய்த பொருள், அந்தக் கலங்கிய நீரில் எத்தனை மடங்கு கூடுதலாகத் தேவைப்படும் என்பதைப் பார்த்த பிறகுதான் நான் மற்றதைப் பேச ஆரம்பிப்பேன். வணக்கம்.