பந்திக்கு எத்தனை பேர்? சி மொழியில் திரெட் பூல்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு ஓர் ஆள் என்று யாரும் பரிமாற ஆள் பிடிப்பதில்லை. பத்துப் பேர் நிற்பார்கள். கை ஓய்ந்தவர் அடுத்த இலைக்குப் போவார். திரெட் பூலும் அப்படித்தான். திரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள்; சில திரெட்டுகளை முன்பே உருவாக்கி வைத்து, வரும் வேலைகளை அவற்றுக்குக் கொடுப்பதுதான் பூல். வேலைக்கு ஒரு திரெட் என்று ஆயிரம் முறை உருவாக்கிக் கலைத்தால் அதற்கே நேரம் போய்விடும்.

எத்தனை திரெட் வேண்டும்? வெறும் கணக்கு வேலைக்குப் பிராசசர் கோர்களின் எண்ணிக்கை போதும். டிஸ்க், நெட்வொர்க் என்று காத்துக் கிடக்கும் வேலைக்குக் கூட்டலாம், அளந்து பார்த்து.

தேவையானவை கொஞ்சம்தான்: வேலைகள் நிற்கும் ஒரு க்யூ (வரிசை), அதை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொட ஒரு மியூடெக்ஸ் பூட்டு, வேலை வரும்வரை திரெட்டைத் தூங்கவைத்து வந்ததும் எழுப்பும் ஒரு கண்டிஷன் வேரியபிள், பூலை மூடச் சொல்லும் ஒரு கொடி. திரெட் பூட்டை எடுக்கும். க்யூ காலியாக இருந்து, கொடியும் ஏறாதவரை, காண்ட் வெயிட்டில், அதாவது கண்டிஷன் வேரியபிளில் காத்திருக்கும் அழைப்பில், தூங்கும். தூங்கும்போது பூட்டு தானாக விடுபடும், எழும்போது திரும்பக் கைக்கு வரும்.

க்யூ காலியா என்ற இந்தச் சோதனையைச் சிலர் 'இஃப்' போட்டு எழுதிவிடுகிறார்கள். விழிக்கும்போதெல்லாம் திரும்பச் சோதிக்கும் 'வைல்' போடுங்கள். காரணமே இல்லாமலும் திரெட் விழிக்கலாம். விழிப்பதற்குள் இன்னொன்று வேலையைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கலாம். 'இஃப்' போட்டவர் காலி க்யூவில் கைவிட்டு செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுவது) வாங்குவார்.

வேலையை எடுத்ததும் பூட்டை விட்டுவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். பூட்டோடு செய்தால் எட்டு திரெட் இருந்தும் ஒன்றின் வேகம்தான். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வாசலை மறித்து நிற்பதுபோல.

லூப்பில் ஓடும் 'ஐ'யின் முகவரியை வேலைக்கு அனுப்பாதீர்கள். திரெட் படிப்பதற்குள் 'ஐ' மாறியிருக்கும். வேலைக்கு ஒரு மாலக் போட்டுத் தனி நினைவிடம் கொடுங்கள், முடித்த திரெட்டே அதை ஃப்ரீ செய்து விடுவிக்கட்டும்.

மூடும்போது பூட்டை எடுத்துக் கொடியை ஏற்றி, தூங்கும் எல்லாத் திரெட்டையும் எழுப்பும் பிராட்காஸ்ட் கொடுங்கள். சிக்னல் ஒருவரை மட்டும் எழுப்பினால் மற்றவர்கள் தூங்குவார்கள், திரெட் முடியும்வரை காத்திருக்கும் ஜாயின் முடியவே முடியாது. எல்லோரையும் ஜாயின் செய்த பிறகே மியூடெக்ஸை அழிக்கலாம்.

ஒரு வேலை, அதே பூலில் இன்னொரு வேலையைப் போட்டு அது முடியக் காத்திருந்தால் சிக்கல். எல்லாத் திரெட்டும் அப்படிக் காத்திருந்தால் செய்ய ஆள் ஏது?

ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் இந்தப் பிழைகளைத் தேடும் திரெட் சானிடைசர் என்ற கருவி இருக்கிறது. அதைப் போட்டுக் கம்பைல் செய்தால், பூட்டில்லாமல் தொட்ட மாறியை, ஓடும்போது அகப்பட்டால், வரி எண்ணோடு காட்டிவிடும். நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், அதனால் சோதனைக்கு மட்டும்.