அடிக்கப்பட்ட ஒரு பெயர்: மூணு கோட்பாடுகளின் பார்வையில்

(திரையில்: வருகைப் பதிவேடு. ஒரு பெயருக்கு நேரே வரிசையா ஆப்சென்ட். கடைசியில அந்தப் பெயரையே சிவப்பு மையில அடிச்சிருக்காங்க.)

14 வயசுப் பையன் படிப்பைப் பாதியில விட்டுட்டான். "அவனுக்குப் படிப்பு ஏறலை"ன்னு ஒரே வரியில முடிச்சிடறோம். ஆனா அவனை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் படிப்பை விட்டு நின்னா?

அமெரிக்க சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல வேலையின்மையை வெச்சு இதை விளக்கினார். 1 லட்சம் பேர் இருக்கிற ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் வேலை இல்லைன்னா, அது அவரோட சொந்தக் கஷ்டம். 5 கோடி உழைப்பாளிகள்ல 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லைன்னா, அது சமூகப் பிரச்சினை.

சரி, காரணத்தைச் சமூகத்துல எங்கே போய்த் தேடறது? சமூகவியல் கோட்பாடுகள் பிரியறது இங்கேதான்.

செயல்பாட்டுக் கோட்பாட்டுக்குச் சமூகம் ஒரு உடம்பு. குடும்பம், பள்ளி, வேலை எல்லாம் உறுப்புகள். ஒண்ணு பிசகினா மொத்தமும் தடுமாறும். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் போட்ட பாதையில வந்த அமெரிக்கர் ராபர்ட் மெர்ட்டன் 1938-ல இதைக் கூர்மையாக்கினார். எல்லாரையும் உயரத்துக்கு ஆசைப்படச் சொல்லிட்டு, ஏணியைச் சிலருக்கு மட்டும் கொடுத்தா, விதிமீறலும் ஒதுங்கிப் போறதும் அந்த இடைவெளியிலதான் பிறக்கும்.

மார்க்ஸ் வழி வந்த முரண்பாட்டுக் கோட்பாடு, அந்த ஏணி யார் கையில இருக்குன்னு கேட்கும். பையன் நின்னதால குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைச்சது யாருக்கு? இந்தக் கேள்வியைத் தொடாத எந்த அலசலும் என்னைப் பொறுத்தவரை பாதிதான்.

ஆனா இந்த ரெண்டும் உயரத்துல நின்னு பார்க்குது. வகுப்பறைக்குள்ள வாங்க.

(திரையில்: கடைசி பெஞ்ச். கணக்கு வகுப்பு.)

பையன் கை தூக்கறான். டீச்சரோட பார்வை அவனைத் தாண்டிப் போகுது. மறுநாள் பாதிதான் தூக்கறான். அடுத்த வாரம் கை மேஜையிலேயே இருக்கு. "மக்கு"ன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லலை, அவனுக்கே புரிஞ்சுபோச்சு.

பார்வை, சொல், சைகை மூலமா மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் புரிஞ்சுக்கறாங்கன்னு பார்க்கிற மூணாவது கோட்பாடு, குறியீட்டு ஊடாட்டவாதம். அது கவனிக்கிறது இந்த நொடிகளைத்தான். நெறிபிறழ்வு, அதாவது சமூக விதியை மீறினதா சொல்லப்படறது, ஒரு செயலோட கூடப்பிறந்த குணம் இல்லை, மத்தவங்க விதியைப் போட்டு ஒருத்தர் மேல குத்துற முத்திரைன்னு அமெரிக்க சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-ல எழுதினார். முத்திரை விழுந்தவங்க பல நேரம் அதுக்கேத்த மாதிரியே நடக்கத் தொடங்கிடறாங்க.

கோட்பாடு மாறினா மருந்தும் மாறும். உதவித்தொகை கொடுத்துப் பையனைத் திரும்பக் கூட்டிட்டு வந்து அதே பெஞ்சுல, அதே பார்வைக்கு முன்னாடி உட்கார வெச்சா, அவன் மறுபடியும் நின்னுடுவான். டீச்சரை மட்டும் மாத்தினா, வீட்டுல கூலி போதாத அன்னிக்கு நின்னுடுவான்.

அதனால நான் அந்தப் பதிவேட்டுக்கே திரும்பிப் போவேன். பெயரை அடிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை நாள் ஆப்சென்ட்? அந்த நாள்கள்ல அவன் எங்கே, யாருக்காக வேலை செஞ்சான்? "ஏன்டா வரலை"ன்னு யாராவது கேட்டாங்களா?