தாமிர சல்பைடில் காந்தம் எங்கே போயிற்று?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தாமிரம் ஒன்று, கந்தகம் ஒன்று சேர்ந்தால் கருநீல நிறத்தில் கோவெல்லைட் கிடைக்கும். கந்தகத்துக்கு இரண்டு எதிர்மின்சுமை என்றால் தாமிரத்துக்கு இரண்டு நேர்மின்சுமை. அப்படியானால் அதன் 3டி கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள். ஒன்று இணையில்லாமல் நிற்கும். ஒவ்வொரு தாமிர அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால் அந்தக் காந்தத்தைக் காணோம். பொருள் உலோகம்போல மின்சாரத்தைக் கடத்துகிறது. சுமார் 1.6 கெல்வினில் மீக்கடத்தியாகவும், அதாவது தடையே இல்லாத கடத்தியாகவும், மாறுகிறது.

கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வையுங்கள், அதே கணக்கு பலிக்கிறது. தாமிர ஆக்சைடு குறைகடத்தி. 230 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெரோ காந்தம்: அண்டைக் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும். வேறுபாடு எதிர்மின் அயனியில் இருக்கிறது. ஆக்சிஜனின் 2பி ஆற்றல்மட்டம் ஆழத்தில் கிடக்கிறது. கந்தகத்தின் 3பி மட்டம் மேலேறி, தாமிரத்தின் 3டி மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. செலினியத்திலும் டெல்லூரியத்திலும் இன்னும் மேலே. தாமிரத்தில் விழ வேண்டிய துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத இடம், கந்தகத்தின் ஆற்றல்பட்டையில் விழுகிறது. தாமிரம் ஒற்றை மின்சுமையோடு பத்து எலக்ட்ரான்களை நிரப்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. காந்தம் போயிற்று, உலோகத்தன்மை வந்தது.

சான்று வேண்டுமென்றால், எலக்ட்ரான்கள் எவ்வளவு ஆற்றலோடு பிணைந்திருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையைப் பாருங்கள். இரட்டை மின்சுமைத் தாமிரம் இருந்தால் முதன்மை முகட்டுக்கு மேலே, 940 முதல் 945 எலக்ட்ரான் வோல்ட் வரை, துணைமுகடுகள் தெரியும். தூய கோவெல்லைட்டில் அவை இல்லை. படிக அமைப்பும் அதையே சொல்கிறது: கந்தக அணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. மூன்று தாமிரம், ஒரு தனிக் கந்தகம், ஓர் இணை என்று கூட்டிப் பாருங்கள். நேர்மின்சுமை மூன்று, எதிர்மின்சுமைக்கான இடம் நான்கு (தனிக் கந்தகத்துக்கு இரண்டு, இணைக்கு இரண்டு). ஒரு துளை மிச்சம். அலகுக்கூட்டின் பருமனால் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 10²² துளைகள். மின்சாரத்தைச் சுமப்பவற்றின் குறியைக் காட்டும் ஹால் அளவீட்டில் நேர்க்குறி வருவது இதனால்தான்.

தயாரிப்புக்கு வருவோம். 5 கிராம் கோவெல்லைட்டுக்குத் தாமிரத்தூள் 3.323 கிராம், கந்தகம் 1.677 கிராம். தாமிரத்தூளை முதலில் ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் சூடாக்கி மேற்பரப்பு ஆக்சைடை நீக்குங்கள். இதைச் சோம்பலில் விட்டவர்கள்தான் பின்னால் 'காந்தம் கண்டோம்' என்று எழுதுகிறார்கள்! கலவையைக் குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடமாக்கி மூடி, நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் போகாமல் 450 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிச் சில நாள் வையுங்கள். கந்தகம் 445 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அவசரப்பட்டால் வினைபுரியாத கந்தகத்தின் ஆவியழுத்தத்தில் குழாய் வெடிக்கும். மேல்வரம்பும் உண்டு: சுமார் 507 டிகிரியில் கோவெல்லைட் சிதைந்து, தாமிரம் மிகுந்த சல்பைடான டைஜெனைட்டும் கந்தகமுமாகப் பிரிந்துவிடும். ஒருமுறை அரைத்து மறுபடியும் சூடாக்குங்கள்.

அந்த வரம்பால், தூளை அழுத்திச் செய்த வில்லையை நன்றாகச் சுட்டு இறுக்க முடியாது. துகள்களின் எல்லைகளே மின்தடையைக் கூட்டிக் காட்டும். மின்னோட்டத்துக்கு இரு முனை, மின்னழுத்தத்துக்கு இரு முனை வைக்கும் நான்குமுனை முறை தொடர்புத்தடையை நீக்கும், எல்லைத்தடையை நீக்காது. வெள்ளிப் பசையைத் தவிர்த்துத் தங்கம் அல்லது கார்பன் பசை பூசுங்கள்; வெள்ளி கந்தகத்தோடு வினைபுரியும். தாமிரம் மிகுந்த சல்பைடுகளிலும் செலினைடுகளிலும் தாமிர அயனிகளே நகரும். நேர்மின்னோட்டத்தை நீண்ட நேரம் செலுத்தினால் தாமிரம் ஒரு முனையில் சேர்ந்துவிடும். 55 கெல்வின் அருகே கோவெல்லைட்டின் அறுகோணப் படிகம் செஞ்சாய்சதுரமாக மாறும். மின்தடைக் கோட்டில் அங்கே தெரியும் சிறு மாற்றத்தைக் கருவிக்கோளாறு என்று துடைத்துவிடாதீர்கள்.

காந்த அளவீடுதான் அதிகம் ஏமாற்றும். நூற்றில் ஒரு தாமிர அணு ஆக்சிஜனேற்றமடைந்தாலே 2 கெல்வினில் ஏற்புத்திறனில் (புலத்துக்குப் பொருள் காட்டும் காந்த எதிர்வினையில்) அதன் க்யூரி பங்கு, அதாவது குளிரக் குளிரக் கூடும் பங்கு, மோலுக்கு ஏறத்தாழ 1.9 × 10⁻³ இ.எம்.யு. (காந்த அலகு) வரும். உலோகத்தின் சொந்தப் பங்கோ 10⁻⁵ என்ற வரிசையில்தான். நிரம்பிய கூடுகள் தரும் எதிர்க்குறிப் பங்கான டயா காந்தத்தின் திருத்தமே ஒற்றை மின்சுமைத் தாமிரத்துக்கு −12 × 10⁻⁶, சல்பைடுக்கு −30 × 10⁻⁶ என்று அதற்கு ஈடாக நிற்கிறது. எஃகு இடுக்கியிலிருந்து உதிரும் துணுக்கும் ஏமாற்றப் போதும். பல புலங்களில் அளந்து, ஏற்புத்திறனைப் புலத்தின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால் அந்தத் துணுக்கு சாய்கோடாக வெளிப்படும். பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

இதே குடும்பத்தில் உண்மையான காந்தமும் உண்டு. தாமிரம் ஒன்று, குரோமியம் இரண்டு, செலினியம் நான்கு கொண்ட, ஸ்பைனல் என்ற படிக அமைப்புள்ள பொருள் ஓர் உலோகம். சுமார் 430 கெல்வின் வரை ஃபெரோ காந்தம். காந்தத்தைச் சுமப்பது குரோமியம். குரோமியத்துக்கு இரிடியம், செலினியத்துக்குக் கந்தகம் என்று மாற்றினால் கதையே வேறு. 230 கெல்வின் அருகே அது உலோகநிலை விட்டு மின்காப்புப் பொருளாகிறது. இரிடியம் அணுக்கள் இணைசேர்ந்து, காந்தத்துக்குக் காரணமான எலக்ட்ரான் சுழற்சிகளை ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. மின்தடையை வரைந்தால் குளிர்விக்கும் கோடும் சூடாக்கும் கோடும் பிரிந்து, நடுவே ஒரு கண்ணி விழும். சுற்றை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதே கண்ணி திரும்பினால் அது பொருளின் குணம். அறைவெப்பத் தடையே கூடியிருந்தால் வில்லையில் வெடிப்பு, அல்லது தொடர்பு கழன்றுவிட்டது.