லாகின் முதலில், பட்டியல் அப்புறம்

வணக்கம் மக்களே. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு துணைப்பாட நிலையத்துக்கு ஐபேட் ஆப் செய்து கொடுக்கிறேன். இடது பக்கம் மாணவர் பட்டியல், பெயரைத் தட்டினால் வலது பக்கம் மதிப்பெண். ஒரே ஐபேடைப் பல ஆசிரியர்கள் மாற்றி மாற்றி எடுப்பதால், லாகின் செய்யாமல் எதுவும் தெரியக் கூடாது.

பலரும் ஸ்பிளிட் வியூவை, அதாவது இடமும் வலமுமாகப் பிரிந்த இந்தத் திரையை, முதலில் வைத்துவிட்டு, அதன் மேல் லாகினை எழுப்புவார்கள். அப்படிச் செய்த ஆப்பின் திரைப்பதிவை மெதுவாக ஓட்டுகிறேன், பாருங்கள். ஐகானைத் தட்டியதும் மாணவர் பெயர்கள் பளிச்சென்று வந்துவிட்டு, அப்புறம்தான் லாகின் ஏறுகிறது. அடியில் இருக்கும் திரை விண்டோவுக்குள் வந்த பிறகுதான் மேலே இன்னொன்றை எழுப்ப முடியும், அதனால்தான் இந்த மின்னல். பிள்ளைகளின் விவரம் இப்படித் தெரிந்தால் எந்தப் பெற்றோர் சும்மா இருப்பார்கள்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், இப்படி எழுப்பும் திரை தானாகவே ஷீட்டாக, அதாவது அடித்திரையின் மேல் ஓர் அட்டை போலத்தான் வரும். விரலால் கீழே இழுக்கிறேன்... போச்சு, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்! ஃபுல் ஸ்கிரீன் என்று சொன்னால் இது நிற்கும், மின்னல் நிற்காது. சரி, திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலரில் லாகினை வைத்து, அதன் மேல் ஸ்பிளிட்டை புஷ் செய்யலாமா? ஆப் கிராஷ் ஆகிவிடும்.

நான் செய்வது இதுதான். விண்டோ திறக்கும்போது ஓடும் சீன் டெலிகேட் என்ற பகுதியில், ரகசியங்களைப் பூட்டி வைக்கும் கீசெயினில் டோக்கன் (லாகின் ஆனதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் விண்டோவின் ரூட், அதாவது அடித்திரை, ஸ்பிளிட் வியூ; இல்லாவிட்டால் லாகின். லாகின் முடிந்ததும் ரூட்டையே மாற்றிவிடுவேன். அதுவரை ஸ்பிளிட் வியூவை உருவாக்குவதே இல்லை, எனவே மின்னுவதற்கு எதுவும் கிடையாது.

லாகவுட்டில்தான் கவனம் வேண்டும். பல விண்டோக்களை அனுமதித்திருந்தால், ஐபேடில் அதே ஆப்பை அருகருகே இரண்டாகத் திறக்கலாம். இதோ, இடது விண்டோவில் லாகவுட் அழுத்துகிறேன். அங்கே லாகின் வந்துவிட்டது. வலது விண்டோவில் மதிப்பெண் அப்படியே நிற்கிறது! ஒவ்வொன்றுக்கும் தனி ரூட் என்பதால், ஒன்றை மாற்றியது மற்றதற்குத் தெரியாது. ஆகவே லாகவுட் ஆனதும் ஆப்புக்குள்ளேயே ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பி, எல்லா சீன்களும் (விண்டோக்களும்) தத்தம் ரூட்டை மாற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன்.

திரை அமைக்க ஆப்பிள் தரும் இன்னொரு கருவியான ஸ்விஃப்ட்யுஐ ஆட்களுக்கு வேலை குறைவு, விண்டோக்களை வரையறுக்கும் விண்டோ குரூப்புக்குள் 'லாகின் ஆகியிருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று ஓர் இஃப்-எல்ஸ் போதும். அந்த லாகின் நிலையை எல்லா விண்டோவுக்கும் பொதுவாக, ஆப் அளவில் வையுங்கள்.