நெல்லுக்கு முன்னரே வந்த நாய்

(வவுணதீவுப் பக்கத்து ஊரொன்றின் வாசிகசாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற வழியில் வயல் வட்டைக்குள் ஒரு காவல் வாடியைக் கண்டேன். அறுவடை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்துக் கிடந்தது. பன்றி வந்தாலும் யானை வந்தாலும் இரவிரவாகக் குரைத்துச் சொன்ன நாய். அதைப் பார்த்த மனத்தோடுதான் பேசுகிறேன்.

நாய் காவலுக்கும் வேட்டைக்கும்தானே, வேலை முடிந்தால் அதன்பாடு என்பார்கள். வேட்டை பெரிய விஷயம்தான். வாகரைப் பக்கத்து வேடர்களுக்கு உடும்பை மோந்து காட்டியது நாய்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாய் மனிதரோடு சேர்ந்த காலத்தில் வீட்டில் மாடு இல்லை, ஆடு இல்லை, கோழி இல்லை. ஒரு பிடி நெல்லை யாரும் விதைத்ததில்லை.

ஜெர்மனியில் பொன் (Bonn) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்று ஓர் இடம். 1914இல் அங்கே கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டு பழையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதக் குட்டி நாய். அதன் பல்லில் இருந்த வடுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்ற நோய் வந்திருக்கிறது என்கிறார்கள். காய்ச்சல், வாந்தி, கழிச்சல் என்று வாட்டும் நோய். அப்படியிருந்தும் குட்டி பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்து, குளிராமல் வைத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் அந்தக் குட்டியால் வேட்டையும் இல்லை, காவலும் இல்லை!

இதை வாசித்த அன்று எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார். எங்கள் வீட்டுக் குட்டி ஒன்று எழும்ப மாட்டாமல் கிடந்தபோது, கஞ்சித்தண்ணியில் துணியை நனைத்து அதன் கடைவாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துவிடுவார். மறுகா அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்க வைப்பார்.

இஸ்ரேலின் வடக்கே ஐன் மல்லாகாவில், சுமார் 12,000 ஆண்டுக்கு முந்திய குழி ஒன்றில் இறந்தவரின் கை ஒரு நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. எகிப்தியர் வீட்டு நாய் செத்தால் தலையும் உடம்பும் மழித்துத் துக்கம் காத்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதினார். நம் இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்திலும் உண்டு: கப்பலில் வந்திறங்கிய இளவரசன் விசயனின் ஆட்களில் ஒருவன் ஒரு பெட்டை நாயைக் கண்டு, நாய் இருந்தால் ஊரும் இருக்கும் என்று பின்னால் போகிறான்.

எனக்கு நெஞ்சில் நிற்பது தமிழ்நாட்டு எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரன் கருந்தேவக்கத்தியின் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் வெட்டி, பெயரையும் எழுதினார்கள். கோவிவன். 1,400 ஆண்டு கழித்து நாமும் அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

வாடி வாசலில் கிடந்ததற்கும் யாராவது ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். இந்தச் சபையில் அதைத் தெரிந்தவர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னோடு வாருங்கள். சோறு கட்டி வைத்திருக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பயப்படாமல் கிட்ட வரும்.