பழைய வண்டியும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான் என்பதால், பழைய இருசக்கர வாகனம் வாங்குவோரும் விற்போரும் என்னிடம் யோசனை கேட்டு வருவது வழக்கம். வாங்குவோர் இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள். விற்போரின் கேள்வி வேறு: கைக்காசு போட்டு மாட்டிய கிராஷ் கார்டையும் (வண்டி விழுந்தால் இன்ஜினைக் காக்கும் முன்கம்பி) ஃபாக் லைட்டையும் கழற்றிவிட்டு விற்கலாமா, அப்படியே கொடுத்துவிட வேண்டுமா என்பார்கள்.

தாராளமாகக் கழற்றலாம். ஆனால் வண்டியை முதல் ஆளுக்குக் காட்டுவதற்கு முன்பே, கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதற்கும் முன்பே கழற்றிவிட வேண்டும். வாங்குபவர் தம் கண்ணால் எதைப் பார்த்தாரோ அதற்குத்தான் விலை பேசுகிறார். முன்பணம் வாங்கிய பிறகு ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது. வீட்டை விற்பவர் மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போவதை யாரும் குறை சொல்வதில்லை. சன்னலைக் கழற்றினால் ஊரே திரண்டு வந்து கேட்கும். மோட்டார் சைக்கிளில் எது மின்விசிறி, எது சன்னல் என்பதில்தான் தகராறு வருகிறது.

வில்லியனூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், தம் 150 சிசி வண்டியை நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விலை பேசினார். கணவர் ஆக்சிலரேட்டரை முறுக்கினார், டயரை அழுத்தினார், செயினைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பின்னிருக்கையில் ஒருபுறமாக உட்கார்ந்து, கால் வைக்கும் பலகையில் செருப்பை ஊன்றிப் பார்த்தார், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டின் கம்பிகளை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார், இறங்கிக்கொண்டார். விலை படிந்தது. விற்பவர் கவனித்ததெல்லாம் கணவரை மட்டுந்தான். சாரி கார்டும் பலகையும் தாம் வெளியே வாங்கி மாட்டியவை என்ற எண்ணத்தில், இரண்டையும் கழற்றித் தம் மகனுடைய புது வண்டிக்கென்று எடுத்து வைத்துவிட்டார். வண்டியை எடுக்க வந்த அன்று கணவருக்கு அது கண்ணில் படவே இல்லை. அந்த அம்மாதான், "அண்ணே, கால் வைக்கிற பலகை எங்கே?" என்று கேட்டார். "அது நான் தனியா வாங்கி மாட்டினதும்மா" என்றார் இவர். "நான் உட்கார்ந்து பார்த்தப்போ இருந்துச்சே" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் மீதிப் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பின, ஒரு போல்ட் மட்டும் தொலைந்துபோயிருந்தது.

இதில் அந்த அம்மாவின் பக்கம் சட்டமும் நின்றது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், காலூன்றும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. ஆகவே சாரி கார்டை யார் காசில் மாட்டியிருந்தாலும் அது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஆகாது. அதில் கை வைக்காதீர்கள்.

கிராஷ் கார்டு வேறு வகை. அதைக் கழற்றுவதில் சட்டச் சிக்கல் இல்லை, வேலைதான் இருக்கிறது. பல வண்டிகளில் அது இன்ஜினைத் தாங்கும் போல்ட்டோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். அதற்கென்று நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். கார்டை எடுத்துவிட்டு, அதே நீளப் போல்ட்டில் நாலு வாஷரை அடுக்கி முடுக்குகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு, கம்பெனி போட்ட அளவிலுள்ள போல்ட்டைத்தான் திரும்பப் போட வேண்டும். இன்னொன்று, தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் உப்புக்காற்றில் ஓடிய வண்டியில், கார்டின் பட்டை இறுகியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, ஃபிரேமைச் சுற்றி வளையம் போலத் துரு பிடித்திருக்கும். கார்டு இருந்தவரை தெரியாத அந்த வளையம், கழற்றியதும் பளிச்சென்று தெரியும். வாங்க வருபவர் வண்டி எங்கோ மோதி ஒட்டுப் போட்டது என்று நினைத்து விலையைக் குறைப்பார். இப்படியிருந்தால் கார்டை விட்டுவிடுவதே இலாபம். வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாத ஒரு கம்பிக்காக வண்டியின் விலையைக் கெடுத்துக்கொள்வானேன்?

இனி ஒயரிங். என் மாணவர்களைக் கேட்டால், இந்தப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்தமாட்டேன் என்பார்கள். ஃபாக் லைட், இரட்டை ஹாரன், மொபைல் சார்ஜர் ஆகியவற்றை மாட்டும்போது, கப்ளர் எனும் செருகியைப் போட்டு இணைக்காமல், நல்ல ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரைச் சுற்றி, கறுப்பு டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். விற்கும்போது கிட்டத்தட்ட எல்லாருமே அதை வெடுக்கென்று வெட்டி, நுனியில் மறுபடியும் டேப்பைச் சுற்றுகிறார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும், உப்புக்காற்று உள்ளே புகும். ஆறு மாதம் கழித்து அந்த டேப்பைப் பிரித்துப் பாருங்கள்: செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும், தோலை இன்னும் கொஞ்சம் சீவினால் உள்ளேயும் கம்பி கறுத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிற பல வண்டிகளில் நோய் இங்கேதான் இருக்கிறது.

ஹெட்லைட் பல்பையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் மின்சாரம் போதும். 90 வாட் பல்பு ஏழரை ஆம்பியர் இழுக்கும். அதிக மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் ரிலே இல்லாமல் அதைப் போட்டால் பல்பு ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். ஆகவே ஒயரிங் சம்பந்தப்பட்ட எதையும் வீட்டு வாசலில் உட்கார்ந்து நீங்களே வெட்டாதீர்கள். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஒட்டுப் போட்ட இடத்தைச் சீராக்கி, பழைய ஹாரனையும் பழைய பல்பையும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைவிடக் கழற்றும் பொருளின் மதிப்பு குறைவென்றால், அதைப் பேசாமல் வண்டியோடு விட்டுவிடுங்கள்.

சத்தம் போடும் சைலன்சரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதைக் கழற்றியே ஆக வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182அ பிரிவு இடம் தருகிறது. ஒலி மாசுக்கு 10,000 ரூபாய் வரை தனி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில், புகையைச் சுத்திகரிக்கும் கருவி கம்பெனியின் புகைபோக்கி அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே வண்டியோடு வந்த சைலன்சரை எடைக்குப் போட்டவர், விற்பதற்கு முன் புதிதாக ஒன்றை வாங்கத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இன்ஷூரன்ஸ் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், அதற்கு நேரமில்லை. விற்ற பின் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். எல்லையிலுள்ள கன்னியக்கோவிலைத் தாண்டிக் கடலூருக்குப் போகும் பிஒய் எண் வண்டி, அதாவது புதுச்சேரியில் பதிவான வண்டி, வேறு மாநிலத்துக்குப் போகிறது. அதற்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கெடு 45 நாள். கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35ஐயும் முடித்துவிடுங்கள். இந்தப் படிவங்களில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குக்கென்று இடம் கிடையாது. ஆகவே எவையெவை வண்டியோடு போகின்றன, எவை போகவில்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, முன்பணம் வாங்கும்போதே இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.